ஒரே எண், இரண்டு துப்பாக்கி

அத்தியாயம் 14

கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது அண்ணன் வெர்லினுடைய துப்பாக்கிதான். நேற்றுச் சாயந்திரம் மண்டபத்தில் மேஜைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அதைப் பார்த்தாளே, அப்போதிலிருந்து ஆர்லிஸுக்கு எதுவும் ஓடவில்லை. கடைக்காரர் காஸ் ரட்டக் பெட்டியைப் பூட்டிவிட்டு ஓட்டலுக்குப் போய்விட்டார். ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்தவள், சனிக்கிழமை காலையில் கதவு திறக்கும் முன்பே மைல்ஸ் சிட்டி பழந்துப்பாக்கிக் கண்காட்சி மண்டபத்தின் வாசலில் வந்து நின்றாள்.

அந்த ஊரில் ஆர்லிஸைத் தெரியாத மாட்டுக்காரர் கிடையாது. சந்தைக்கு வரும் மாடுகளின் சூட்டுக்குறியைப் பார்த்து, இது இன்னார் மாடுதான் என்று கையெழுத்துப் போடும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவள். பழைய குறியின் மேல் புதுக்குறி போட்டு எத்தனை கெட்டிக்காரத்தனமாக மறைத்தாலும் விரலால் தடவியே சொல்லிவிடுவாள்.

அந்தக் கண்ணுக்கு அவள் போட்ட இன்னொரு தீனிதான் துப்பாக்கிகள். எல்லாத் துப்பாக்கியும் இல்லை. மருந்தையும் ஈயக்குண்டையும் முன்பக்கமாகத் திணித்துச் சுடுவதற்காகச் செய்யப்பட்டு, பித்தளைத் தோட்டா வந்த பிறகு பின்பக்கத்தை அறுத்து, புது வளையம் பொருத்தித் தோட்டாவுக்கு மாற்றிய ரிவால்வர்கள் மட்டும். கொஞ்ச காலமே நடந்த வேலை அது. பிறகு தோட்டாவுக்கென்றே புதுத் துப்பாக்கிகள் வந்துவிட்டன. அதனால் மாற்றியவை அரிது, அதில் உருப்படியாக மிஞ்சியவை அதைவிட அரிது.

அவளுடைய அப்பா ஆர்வின் ட்வைட் அப்படி இரண்டு கோல்ட் கம்பெனி ரிவால்வர்களை வைத்திருந்தார். அவருடைய தாத்தா ஒரே நாளில் வாங்கியவை. எண்கள் அடுத்தடுத்து, நானூற்றுப் பதினாறு, பதினேழு என்று முடியும். சாகும்போது மகளுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனார். ஜோடியைப் பிரிக்கக்கூடாது, என்னிடம் கொடு என்று ஆர்லிஸ் கேட்டாள். கேட்ட இடம் சர்ச்சில் இழவுச் சாப்பாட்டுப் பந்தி. வெர்லின் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். அதோடு அண்ணன் தங்கை பேச்சு நின்றது. வருஷங்கள் ஓடிவிட்டன.

இப்போது அந்தப் பதினேழு, யாரோ ஒரு கடைக்காரரின் பெட்டியில்.

காஸ் ரட்டக் காபிக் கோப்பையோடு வந்தார். ஐம்பது வயது, தொப்பி வைத்த தலை, எப்போதும் சிரிப்பு.

"என்னக்கா, எனக்கு முன்னாடி வந்து நிக்கிறீங்க? ராத்திரியே கண்ணு வெச்சிட்டீங்க போல."

"பெட்டியைத் தொற காஸ்."

அவர் திறந்தார். ஒரு துணியை விரித்து அதன் மேல் வைத்தார். ஆர்லிஸ் கையில் எடுத்ததும் தோட்டா உருளையைத் திருப்பிப் பார்த்தாள். அதில் செதுக்கியிருந்த கடற்போர்ச் சித்திரம் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து மழுங்கியிருந்தது. கொள்ளுத்தாத்தாவின் தோலுறை உரசிய பக்கம். வால்நட் கைப்பிடியில் மெல்லிய விரிசல், அதில் அப்பா பூசிய கறுப்புப் பசை. குழலில், சட்டத்தில், விசைக்காப்பில் மூன்று இடத்திலும் ஒரே எண்.

"எப்படி வந்துது உன்கிட்ட?"

"பில்லிங்ஸ்ல என் கடைக்கு ஒரு பொண்ணு கொண்டு வந்துச்சு. செம்பட்டை முடி, குதிரைக்கு லாடம் அடிக்கிற பொண்ணு. பேரு பிரிட்டா ட்வைட். எங்க வீட்டுச் சொத்துதான்னு சொல்லுச்சு. உங்க சொந்தம்தானேக்கா?"

"அண்ணன் பொண்ணு."

"அப்போ சரி. திருட்டுச் சாமான்லாம் நான் தொடறதில்லை, உங்களுக்கே தெரியும்."

ஆர்லிஸ் துப்பாக்கியைத் துணியில் திரும்ப வைத்தாள். வெர்லின் விற்கச் சொல்லியிருப்பானா? மாட்டை விற்பான், நிலத்தை விற்பான், இதை விற்கமாட்டான். தங்கை கேட்டே கொடுக்காதவன். அவனுக்குத் தெரியாமல்தான் பெண் எடுத்திருக்கிறாள். ஆனால் இதைக் காஸிடம் சொன்னால் பிரிட்டாவைத் திருடி என்று ஊரறியச் சொன்னது போல ஆகிவிடும்.

"இது யாருக்காச்சும் பேசியாச்சா?"

"டெக்ஸாஸ்காரர் ஒருத்தர் சாயந்திரம் வர்றார். ரொம்ப ஆசைப்படறார். மண்டபம் மூடற வரைக்கும் உங்களுக்காக வெச்சிருக்கேன். அதுக்கு மேல என்னைக் கோவிச்சுக்காதீங்க."

அவளுடைய சொந்த மேஜையில் கணவன் கில்மன் ஒரு டோனட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்குத் துப்பாக்கிகளில் எந்த ஆர்வமும் இல்லை. ஆனால் முப்பது வருஷமாக எல்லாக் கண்காட்சிக்கும் வந்து மேஜையைக் காவல் காப்பான்.

"அவனோடதுதானா?"

"அவனோடதுதான். பிரிட்டா வித்திருக்கா."

கில்மன் மெல்வதை நிறுத்தினான். "வெர்லினுக்குப் போன் பண்ணு."

"பண்ண மாட்டேன்."

"அப்போ நேர்ல போ. அதுதான் நல்லது. போன்ல நீ கத்துவே. நேர்ல உனக்குக் கத்த வராது."

"மேஜையை யார் பாத்துக்கறது?"

"இத்தனை வருஷமா யார் பாத்தா?" என்று சொல்லி வண்டிச் சாவியை நீட்டினான்.

வடக்கே ஜோர்டன் போகும் சாலையில் ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும். மே மாத மழையில் மேடெல்லாம் பச்சை பிடித்திருந்தது. வேலிக் கம்பங்களில் புல்வெளிக் குருவிகள் கத்திக்கொண்டிருந்தன. எதிரே வந்த வண்டிக்காரர்கள் எல்லோரும் வணக்கம் சொல்வது போல ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினார்கள். அவளும் தூக்கினாள். என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனாள். 'அப்பா துப்பாக்கி வைத்திருந்த மேஜை டிராயரைத் திறந்து பார்' என்று சொல்வதா? கண் சரியாகத் தெரியாதவனிடம் போய் அதைச் சொல்வதா? வெர்லினுக்குப் பார்வையின் நடுப்பகுதி மங்கிக்கொண்டே வருகிறது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஆள் வந்தால் முகம் தெரியாதாம், ஓரத்தில் இருப்பது மட்டும் தெரியுமாம்.

அப்பா கட்டிய வீடு. முற்றத்தில் வெர்லின் ஒரு கால் மடித்து உட்கார்ந்து, தாய் இல்லாத கன்றுக்குட்டிக்குப் பாட்டிலில் பால் கொடுத்துக்கொண்டிருந்தான். நாய் குரைத்தது. அவன் தலையைச் சற்றுத் திருப்பி, ஓரக்கண்ணால் பார்த்தான்.

"யாரு?"

அவள் நாலு எட்டு வைத்தாள்.

"அட, ஆர்லிஸ்," என்றான், நடையைக் கேட்டே. "யாரு செத்தா?"

"யாரும் சாகல."

"அப்புறம் எதுக்கு வந்தே?"

"யாராச்சும் செத்தாத்தான் வரணுமா?"

"அப்படித்தானே பழக்கம் வெச்சிருக்கோம்."

கன்று பாட்டிலைப் பிடுங்கப் பார்த்தது. அவன் அதன் நெற்றியில் தட்டினான். அறுபத்தைந்து வயதுக்கு நன்றாகவே இளைத்திருந்தான். சட்டையில் ஒரு பட்டன் மாறிப் போட்டிருந்தது. ஆர்லிஸ் அதைச் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டாள்.

"அண்ணே, அப்பா துப்பாக்கியை ஒரு தடவை பாக்கணும். எனக்குன்னு கேக்கல. பாத்துட்டுத் தந்துடறேன்."

பாட்டிலில் பால் தீர்ந்து காற்று உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. வெர்லின் உடனே எழுந்திருக்கவில்லை.

"இப்பவா?"

"வந்தது வந்துட்டேன்."

அவன் பேண்டில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே நடந்தான். நாற்காலியில் மோதாமல், சுவரைத் தொடாமல் நேராக நடந்தான். ஆர்லிஸ் பின்னால் போனாள். அப்பாவின் எழுதுமேஜை ஜன்னலோரத்திலேயே இருந்தது. அவன் கை டிராயர் பிடியில் பட்டது. இதோ திறக்கப்போகிறான். காலி என்று தெரியப்போகிறது. தான் வந்து நின்று வேடிக்கை பார்க்கிறோம்.

"விடு அண்ணே, இன்னொரு நாள் பாத்துக்கறேன்."

"பாக்கணும்னுதானே வந்தே?"

அவன் டிராயரை இழுத்தான். உள்ளே கைவிட்டு, ஒரு ஃபிளானல் துணியில் சுற்றியதை எடுத்து அவள் கையில் வைத்தான்.

கனமாக இருந்தது. துணியைப் பிரித்தாள். கோல்ட் ரிவால்வர். தோட்டாவுக்கு மாற்றியது. எண் நானூற்றுப் பதினேழில் முடிந்தது.

 ஒரே எண்ணில் இரண்டு இருக்க முடியாது. அப்படியானால் காஸ் பெட்டியில் இருப்பதுதான் போலியா? காலையில் தான் பார்த்த தேய்மானம், அப்பா பூசிய பசை எல்லாம் பொய்யா?

ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அப்புறம் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. உருளையில் சித்திரம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தது, உப்புத்தாள் போட்டது போல. கைப்பிடியில் விரிசல் இல்லை. உலோகத்திலிருந்து லேசாக வினிகர் வாசனை வந்தது. புதுத் துப்பாக்கியின் நீலப்பூச்சை எடுத்துப் பழசாகக் காட்ட வினிகரில்தான் ஊற வைப்பார்கள். கௌபாய் உடை போட்டுக்கொண்டு போட்டியில் சுடுகிறவர்களுக்காக இன்று செய்து விற்கிற நகல் இது. அதில் தொழிற்சாலை போட்ட எண்ணைத் தேய்த்துவிட்டு, யாரோ புதிதாக எண் குத்தியிருக்கிறார்கள். அதுவும் ஒழுங்காக இல்லை. கடைசி ஏழு கீழே சறுக்கிக் கிடந்தது.

பிரிட்டா என்று நினைத்ததும் அவளுக்கு முகம் சூடேறியது. எடுத்தது போதாது என்று, கண் தெரியாத அப்பனை ஏமாற்ற ஒரு பொம்மையைச் செய்து உள்ளே வைத்திருக்கிறாள். இவன் தினமும் துணியைத் தடவிப் பார்த்து, இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்குகிறான்.

வெர்லின் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றான். "எப்படி இருக்கு?"

ஆர்லிஸ் அந்த எண்ணின் மேல் விரலை ஓட்டினாள். வாழ்க்கை முழுக்க, மாட்டின் முதுகில் இருப்பதை இருக்கிறபடி சொன்னவள். யார் கெஞ்சினாலும் ஒரு பொய்க்குறியை உண்மைக்குறி என்று எழுதாதவள்.

"நல்லா இருக்கு," என்றாள். "அப்பா குடுத்தப்போ இருந்த மாதிரியே இருக்கு."

அவன் மெதுவாகத் தலையை ஆட்டினான். "நீ சொன்னா சரிதான். சூட்டுக்குறியை மாத்துறவன்லாம் உன்னைக் கண்டா ஓடுவான்."

"ம்."

"உனக்குத் தப்பாத் தெரிஞ்சா தப்புன்னு சொல்லிடுவே."

"சொல்லிடுவேன்."

அவள் துப்பாக்கியைத் துணியில் சுற்றித் திருப்பிக் கொடுத்தாள்.  அவன் அதை டிராயரில் வைத்து மூடினான்.

"பிரிட்டா எப்படி இருக்கா?" என்று கேட்டாள். கேட்காமல் வந்துவிட முடியவில்லை.

"அவளுக்கென்ன, ஜோரா இருக்கா. பில்லிங்ஸ்ல வேலை நிறைய. போன வாரம்கூட போன் பண்ணா. அரைமணி நேரம் பேசினா." காபிக் கெண்டியை அடுப்பில் வைத்தபடியே சொன்னான். "கையெல்லாம் காய்ச்சுப் போச்சாம். குதிரை ஒண்ணு உதைச்சுதாம். சிரிக்கிறா."

காபி கறுப்பாக, கசப்பாக இருந்தது. இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். கன்று விலையைப் பற்றிப் பேசினார்கள். பக்கத்துப் பண்ணைக்காரன் வேலியை இரண்டு அடி தள்ளிப் போட்டதைப் பற்றி வெர்லின் வயிறெரிந்து பேசினான். அவள் கிளம்பும்போது தோட்டத்திலிருந்து ஒரு கட்டு ருபார்ப் புளிப்புத் தண்டு ஒடித்துக் கொடுத்தான்.

"கில்மனுக்கு இதுல இனிப்புப் பை பலகாரம் சுட்டுக் குடு. அவன் நல்லவன். உன்னைக் கட்டிக்கிட்டும் நல்லவனாவே இருக்கான்."

"உன் சட்டை பட்டன் மாறியிருக்கு," என்றாள் ஆர்லிஸ்.

"தெரியும்," என்றான் அவன், தெரியாமலே.

திரும்பும் வழியில் அவள் முடிவு செய்துவிட்டாள். உண்மையானதை வாங்கிவிட வேண்டும். வாங்கி எப்படியாவது அந்த டிராயரில் மாற்றி வைத்துவிட வேண்டும். வெர்லினுக்குக் கடைசி வரை ஒன்றும் தெரிய வேண்டாம். பிரிட்டாவைத் தனியாகப் பிடித்துக் கேட்டுக்கொள்ளலாம்.

மண்டபத்தில் கூட்டம் குறைந்திருந்தது. காஸின் மேஜை அருகே டெக்ஸாஸ்காரர் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைத் தொப்பி, பணிவான குரல். பதினேழாம் எண் அவர் கையில் இருந்தது. பக்குவமாகத்தான் பிடித்திருந்தார், விசையில் விரல் வைக்காமல்.

"காஸ், எனக்கு வேணும்," என்றாள் ஆர்லிஸ்.

"அக்கா, ஐயா கிட்டத்தட்டப் பேசி முடிச்சுட்டார்..."

"மூடற வரைக்கும்னு சொன்னே. இன்னும் மூடல."

காஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஆர்லிஸ் தன் மேஜைக்குப் போனாள். கில்மன் எழுந்து வழிவிட்டான். நடுவில், தனிப் பீடத்தில் வைத்திருந்த ரெமிங்டன் ரிவால்வரை எடுத்தாள். ஐந்து தோட்டா மட்டும் பிடிக்கும் உருளை போட்டு மாற்றியது. ஒரு கிழட்டு ஆட்டுக்காரரின் மீன்பிடிப் பெட்டியில், தூண்டில் முள்ளுக்கும் துருப்பிடித்த கத்திக்கும் நடுவே கிடந்ததை அவள் கண்டெடுத்தாள். அதைப் பார்ப்பதற்காகவே வேறு மாநிலங்களிலிருந்து ஆட்கள் வருவார்கள். விற்கமாட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

அதைக் கொண்டுவந்து காஸின் துணியில் வைத்தாள்.

"இதுக்கு அது."

காஸின் சிரிப்பு போய்விட்டது. "அக்கா, வேண்டாம். அப்புறம் வருத்தப்படுவீங்க. இது அதைவிடப் பெரிய சாமான்."

"தெரியும்."

டெக்ஸாஸ்காரர் கோல்ட்டை மெதுவாகக் கீழே வைத்தார். அவர் பார்வை ரெமிங்டன் மேல் நின்றுவிட்டது. "அம்மா, அது காஸ்கிட்ட வருதுன்னா, எனக்கு இதைப் பத்தி ஒரு புகாரும் இல்லை," என்றார்.

அவ்வளவுதான். கையைக் குலுக்கினார்கள். பதினேழாம் எண்ணைச் சுற்றி எடுத்துக்கொண்டு மேஜைக்கு வந்தாள். அவளுடைய பதினாறாம் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்தாள். அப்பா போன பிறகு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது இதுதான் முதல் தடவை. கில்மன் காலிப் பீடத்தைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டான்.

"இல்லை."

அவன் மாட்டிறைச்சி சாண்ட்விச் வாங்கப் போனான். அந்த நேரத்தில்தான் மண்டபக் கதவைத் தள்ளிக்கொண்டு பிரிட்டா வந்தாள்.

தோல் ஏப்ரன்கூட அவிழ்க்காமல் வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். செம்பட்டை முடி கலைந்து முகத்தில் விழுந்தது. அத்தையை அவள் பார்க்கவில்லை. நேரே காஸிடம் போனாள்.

"அதை எனக்குத் திருப்பித் தாங்க. நீங்க குடுத்ததை அப்படியே கொண்டு வந்திருக்கேன். ஒரு காசு தொடலை."

காஸ் பேசாமல் ஆர்லிஸ் பக்கம் கையைக் காட்டினார்.

பிரிட்டா திரும்பினாள். முகம் வெளுத்தது. "அத்தை..."

"வெளியே வா," என்றாள் ஆர்லிஸ்.

வண்டிகள் நிற்கும் மைதானத்தில், தன் பிக்கப்பின் பின்பலகையை இறக்கி அதில் உட்கார்ந்தாள் ஆர்லிஸ். பிரிட்டா நின்றாள்.

"எடுத்தேன். ஆமா, எடுத்தேன். திட்டுங்க."

"எதுக்குடி?"

"சொந்தமா லாடப் பட்டறை போடணும்னேன். அப்பா முடியாதுன்னுட்டார். எல்லாம் உனக்குத்தான், நான் செத்தப்புறம் எடுத்துக்கோன்னார். எப்பக் கேட்டாலும் அதே பேச்சு. அந்தத் துப்பாக்கியும் நான் செத்தப்புறம் உனக்குத்தான்னார். எனக்கு வெறுத்துப் போச்சு. நான் என்ன அவர் சாவுக்கா காத்துக்கிட்டு இருக்கணும்? அதான் இப்பவே எடுத்துக்கிட்டேன்."

"எடுத்தே, சரி. அந்தக் கண்ணு தெரியாத மனுஷனை ஏமாத்தப் பொம்மையை உள்ள வெச்சியே, அதுக்கு உனக்கு எப்படி மனசு வந்துது?"

பிரிட்டா விழித்தாள். "என்ன பொம்மை?"

"நடிக்காதே. டிராயர்ல இருக்கே, வினிகர்ல ஊறப்போட்டு, எண்ணைக் கோணலாக் குத்தி..."

"நான் ஒண்ணும் வைக்கல அத்தை. சத்தியமா வைக்கல." அவள் குரல் உயர்ந்தது. "டிராயரைத் தொறந்து போட்டுட்டு வந்தேன். வேணும்னேதான். உள்ள ஒண்ணும் இல்லைன்னு அவருக்குத் தெரியணும்னு. போன் பண்ணுவார், கத்துவார், 'ஏண்டி எடுத்தே'ன்னு கேப்பார், அப்போ எல்லாத்தையும் கேட்டுடலாம்னு இருந்தேன். போனே வரல. வாரக் கணக்கா ஃபோனை மடியில வெச்சிக்கிட்டு வேலை பாக்கறேன். ஒரு வார்த்தை வரல. அந்தக் காசைத் தொடவும் மனசு வரல, அதான் திருப்பி வாங்க வந்தேன். நான் போனதும் ஒண்ணுதான், அது போனதும் ஒண்ணுதான் அவருக்கு."

"போன வாரம் நீ அவன்கிட்ட அரைமணி நேரம் பேசலையா?"

"யாரு சொன்னா?"

 

சறுக்கிக் கிடந்த அந்த ஏழு இப்போதுதான் ஆர்லிஸுக்குச் சரியாகத் தெரிந்தது. மாட்டுக் காதுத் தகட்டில் எண் குத்தும் இரும்பு அச்சு வெர்லின் பட்டறையில் அப்பா காலத்திலிருந்து இருக்கிறது. கடையில் சொல்லி நகலை வரவழைத்திருக்கிறான். வினிகரில் ஊறப்போட்டிருக்கிறான். எண்ணைத் தேய்த்துவிட்டு, குத்த வேண்டிய இடம் கண்ணுக்குத் தெரியாமல், விரலால் தடவித் தடவி, ஒவ்வொரு எண்ணாகக் குத்தியிருக்கிறான். யாராவது வந்து எங்கே துப்பாக்கி என்று கேட்டால், என் பெண் எடுத்தாள் என்று சொல்லக்கூடாது என்பதற்காக. வேறு யார் கேட்கப்போகிறார்கள்? கேட்பதற்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு.

'உனக்குத் தப்பாத் தெரிஞ்சா தப்புன்னு சொல்லிடுவே' என்றானே. அவனுக்குத் தெரியும். அவள் பொய் சொன்னாள் என்று தெரிந்தேதான் அவளுக்குக் காபி ஊற்றிக் கொடுத்திருக்கிறான்.

"அத்தை? என்னாச்சு?"

"காலியா இருந்த டிராயர்ல ஒண்ணை வெச்சது உங்கப்பன்," என்றாள் ஆர்லிஸ். "அவனே செஞ்சு வெச்சிருக்கான். நான் இன்னிக்குப் போயிருந்தேன். எங்கிட்டயே எடுத்துக் காட்டினான். நீ போன வாரம்கூட போன் பண்ணேன்னு பெருமை வேற."

 பிரிட்டா ஏப்ரன் விளிம்பைக் கையில் சுருட்டிக்கொண்டே இருந்தாள். சற்று நேரத்தில் பின்பலகையில் அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டாள். ஆர்லிஸ் அவள் முதுகில் கை வைத்தாள். 

பிறகு எழுந்து மண்டபத்துக்குள் போனாள். தன் மேஜையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. கில்மன் சாண்ட்விச்சோடு வந்திருந்தான். அவள் பதினேழாம் எண்ணை எடுத்துச் சுற்றினாள்.

"எங்கே கொண்டு போறே?" என்றான் கில்மன்.

"இருந்த இடத்துக்கு."

"அதுக்காகத்தானே ரெமிங்டனை..."

"ஆமா."

கில்மன் நாற்காலியில் சாய்ந்து, நீளமாக மூச்சு விட்டான். தடுக்கவில்லை.

வெளியே பிரிட்டா முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். ஆர்லிஸ் துணிச்சுருளை அவள் கையில் வைத்தாள்.

"நான் கொண்டுபோய் மாத்தி வெக்கறதாத்தான் இருந்தேன். அது சரியில்லை. நீ எடுத்ததை நீதான் வெக்கணும்."

"நான் என்ன பேசறது அத்தை?"

"கத்து. அவனும் கத்தட்டும். ரெண்டு பேரும் கத்தி முடிச்சப்புறம் பட்டறையைப் பத்திக் கேளு. அவன் சாவைப் பத்தி ஆரம்பிச்சா, எழுந்து போகாதே. அன்னிக்கு அவனை எழுந்து போக விட்டதுல எனக்கு எத்தனை வருஷம் போச்சு, பாத்தியா?"

பிரிட்டா துணிச்சுருளைப் பக்கத்து இருக்கையில் வைத்தாள். அத்தையை ஒரு தடவை இறுக்கி அணைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள். போகிறேன் என்றும் சொல்லவில்லை, போகமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மைதானத்தின் வாசலுக்கு அப்பால் சாலை பிரியும் இடம். வடக்கே போனால் ஜோர்டன், அப்பா வீடு. மேற்கே போனால் பில்லிங்ஸ். பிரிட்டாவின் வண்டி அங்கே போய் நின்றது. எந்தப் பக்கமும் விளக்குப் போடவில்லை. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். அப்போது பார்த்து ஒரு நீளமான மாட்டு லாரி குறுக்கே வந்து மறைத்தது. அது நகர்ந்தபோது வண்டி அங்கே இல்லை.

ஆர்லிஸ் போனை எடுத்தாள். காலையில் பண்ணமாட்டேன் என்றவள். எண் இன்னும் விரலுக்கு மனப்பாடமாக இருந்தது.

"யாரு?" என்றான் வெர்லின்.

"நான்தான். அந்த ஏழு சறுக்கிப் போய்க் கிடக்கு அண்ணே."

 அந்தப் பக்கம் ஒரு கனைப்பு.

"ரொம்பக் கேவலமாவா?"

"ரொம்பக் கேவலமா."

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் உடைந்து இருமலானது. "யார்கிட்டயும் சொல்லிடாதே ஆர்லிஸ். சின்னப் பொண்ணு. ஏதோ கோவத்துல பண்ணிட்டா."

"அவகிட்டயே சொல்லிட்டேன். நிஜமானது இப்போ அவ கையிலதான் இருக்கு. ஒருவேளை அங்க வந்தாலும் வருவா."

"இங்கயா? இன்னிக்கா?" நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. டிராயர் திறக்கும் சத்தம் கேட்டது. "அய்யோ, இதை எங்க ஒளிச்சு வெக்கறது? வைக்கோல் கொட்டகையில வெச்சிடட்டுமா?"

"ஒளிக்காதே. அங்கயே இருக்கட்டும். அவ வந்து பாக்கட்டும்."

 கன்று எங்கோ கத்தியது.

"அவ வரலைன்னா?"

ஆர்லிஸ் சாலையைப் பார்த்தாள். வடக்கே மூன்று நான்கு வண்டிகள் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தன. மேற்கேயும் வண்டிகள் வெயிலில் மினுங்கிக்கொண்டு போயின. எது யாருடையது என்று இங்கிருந்து சொல்ல முடியவில்லை.

"நீ உருளைக்கிழங்கை உரிக்க ஆரம்பி," என்றாள். "ரெண்டு பேருக்கு."